வகுப்பறை தந்தீர்கள், ஆசிரியரையும் கேட்டு வாங்கித் தாருங்கள்

அரசுப் பள்ளிகளுக்காகப் பேரவையில் குரல் கொடுத்துவரும் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

2024-25இல் ஒன்றிய அரசு, சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தபோது நீங்கள் பேசியதை மறக்கவில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடியிலிருந்து வகுப்பறையும் சுற்றுச்சுவரும் வருகின்றன. கல்வெட்டில் உங்கள் பெயரும் ஏறுகிறது. ஏறட்டும். ஆனால் அந்த நிதியில் யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. பள்ளியை நடத்தும் செலவு வேறு கணக்கு.

30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு சமக்ர சிக்ஷாவில் பள்ளி மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. மிச்சத்தைப் பிரித்தால் மாதம் 750. சாக்பீஸ், பதிவேடு, ஒழுகும் குழாய், கரும்பலகைப் பூச்சு எல்லாம் அதற்குள். ஜூனில் தேவைப்படும் பணம் பல ஆண்டுகளில் கடைசி மாதங்களில்தான் வருகிறது. வந்த கையோடு மார்ச் 31க்குள் பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனாலே ஐந்தும் மற்றவர் தலையில். மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம். அது உரிமை, அதில் கைவைக்கச் சொல்லவில்லை. பதிலிக்கு நிலையான ஏற்பாடு இல்லாததுதான் கோளாறு. பக்கத்து ஊரிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்புவார்கள். இங்கே ஓட்டை அடைபடும், அங்கே ஓராசிரியர் பள்ளி உருவாகும்.

அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, எந்தப் பள்ளியிலும் காலியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இல்லையென்றால் 50 விழுக்காடு! மாவட்டச் சராசரியில் இது கண்ணுக்கே தெரியாது.

ஆகவே, பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே உங்கள் தொகுதிப் பட்டியலைப் பள்ளிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். ஆகஸ்டு 1 நிலவரப்படி பிள்ளைகள் எத்தனை, அனுமதித்த பணியிடம் எத்தனை, காலியானது எந்தத் தேதியில், நீண்ட விடுப்பில் யார், மாற்றுப்பணியில் யார் என்று தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். கடைசி இரண்டும் இல்லாத பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள். வருகைப்பதிவேட்டில் இருந்தும் வகுப்பில் இல்லாத பெயர்கள் அந்தப் பத்திகளில்தான் இருக்கின்றன.

இவண்,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்