நண்பகல் 12 மணியும் ஓ.பி. வரிசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய வீடொன்றில் குடியிருப்பவன் நான். ஊரிலிருந்து உறவினர் வந்தால் மனத்தில் இடமிருந்தாலும் வீட்டில் இடமிருக்காது என்பதால், அருகிலுள்ள லாட்ஜில் அறை எடுத்துக் கொடுப்பதே எங்கள் வழக்கம். அந்த வகையில் பட்ட அனுபவத்தால், விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லும் நேரத்தைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் இருக்கும் என் அத்தானுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுபரிசோதனைக்காக அவரும் அக்காவும் பகல் பேருந்தில் புறப்பட்டு இரவு 9 மணிக்கு வந்து சேர்ந்தார்கள். மருத்துவமனைக்கு நடந்தே போகும் தொலைவில், நாள் வாடகை 1,400 ரூபாய்க்கு, கைப்பேசி வழியாக முன்பதிவு செய்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் இருவரும் புறநோயாளிகளுக்கான ஓ.பி. சீட்டு வாங்கப் போய்விட்டார்கள். 11.40க்கு விடுதியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது: “சார், 12 மணிக்கு ரூம் காலி பண்ணணும், பார்ட்டி இன்னும் வரலையே.” ஓடிப்போய் மூன்று மணி நேரம் அவகாசம் கேட்டேன். 12ஐத் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை என்றார் மேலாளர். வாசலில் ‘24 மணி நேர செக்-அவுட்’ என்று பலகை இருக்கிறதே என்றேன். அது நேரில் வந்து அறை எடுப்பவர்களுக்கு மட்டும்தானாம், ஆன்லைனில் பதிவு செய்தவர்களுக்குப் பொருந்தாதாம். ஆக, இரவு 9 முதல் பகல் 12 வரை, 15 மணி நேரத்துக்கு முழுநாள் வாடகை. அத்தானின் மாத்திரைகள், எக்ஸ்ரே உறை, ஈரம் காயாத துண்டு எல்லாவற்றையும் நானே பையில் திணித்துக்கொண்டு கீழே இறங்கினேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணிக்கு வந்த அத்தான், தூக்குக் கட்டிய கையோடு வரவேற்பறை பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு, எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினார்.

விடுதிக்காரர்களின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, அடுத்தவருக்கு அறையைத் தயார் செய்ய வேண்டும். அதற்கான ஆட்கள் பகலில்தான் வேலையில் இருப்பார்கள். சலவைக்குப் போன துணி நேரத்துக்குத் திரும்பி வருவது எத்தனை முக்கியம் என்பதை, துணி வெளுக்கும் தொழிலாலேயே பெயர் பெற்ற பேட்டையில் வாழும் எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், நண்பகல் 12 மணி என்பது யாருக்கு ஏற்ற நேரம் என்பதே என் கேள்வி. காலை விமானத்தைப் பிடிப்பவருக்கு அது பொருந்தலாம். வட சென்னை லாட்ஜில் தங்குபவரோ, 12 மணிக்கு ஸ்டான்லியில் வரிசையில் நிற்பவர், அல்லது சௌகார்பேட்டையில் மொத்தக் கொள்முதலுக்கு வந்து, கடை திறந்து சற்று நேரமே ஆன நிலையில் துணிக்கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவர். இருவருக்கும் ரயில் இரவில்தான். வாடிக்கையாளர் அறைக்கு வரவே முடியாத நேரத்தைப் பார்த்து, அறையைக் காலி செய்யும் நேரமாக வைத்திருக்கிறார்கள்.

ரயில்வே ஓய்வறைகளில் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று கணக்கிட்டு வாடகை வாங்குகிறார்கள். இருக்கும் கொஞ்ச அறைகள் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். எனினும், மணிக்கணக்கில் அறை விட முடியும் என்பதற்கு அதுவே சான்று. வரியைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பது நல்லதுதான். ஆனால் 1,400 ரூபாய் அறையில் அதனால் மிச்சமாவது 98 ரூபாய். மூன்று மணி நேரத் தாமதத்துக்கு இன்னொரு 1,400 கேட்கும் இடத்தில் அந்த மிச்சம் எந்த மூலைக்கு?

பயணிகள் பக்கமும் தவறு உண்டு. நானே 11.40க்குப் போய்க் கேட்டது தவறு. அந்நேரம் அடுத்த பதிவுக்காரர் பாதி வழி வந்திருப்பார். அறை எடுக்கும்போதே, பேரேட்டில் கையெழுத்திடுவதற்கு முன், “நாளை எத்தனை மணி வரை இருக்கலாம், கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டுவிட வேண்டும். அதே அறை கிடைக்காவிட்டால், காலியாக உள்ள வேறு அறைக்கு மாற்றித் தருவார்களா, பெட்டியை வைத்துவிட்டுப் போகலாமா, போகுமுன் ஒரு குளியலறையாவது கிடைக்குமா என்பதையும் கேட்கலாம். கைப்பேசிப் பதிவில் சிறிய எழுத்தில் இருக்கும் செக்-அவுட் நேரத்தை, பணம் கட்டுமுன் படித்துவிடுவது நல்லது. நான் படிக்கவில்லை.

விடுதி உரிமையாளர்களிடம் நான் கேட்பது இலவசம் அல்ல. 12 மணிக்கு மேல் மாலை 6 வரை தங்க அரைநாள் வாடகை, அதற்குக் குறைந்தால் மணிக்கு இவ்வளவு என்று தமிழில் எழுதி வரவேற்பு மேசையில் ஒட்டி வைக்கட்டும். ஓ.பி. சீட்டைக் காட்டுபவருக்குச் சற்றுச் சலுகை தரட்டும். வாசலில் 24 மணி நேரம் என்று எழுதினால், எவ்வழியில் பதிவு செய்தவராயினும் அது பொருந்த வேண்டும், இல்லையேல் பலகையைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்த மறுபரிசோதனையின்போது அதே தெருவில் வேறொரு லாட்ஜில் நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெரியவர், அத்தானின் பெயருக்கு நேரே ‘மாலை 5’ என்று பேரேட்டில் எழுதி, கூடுதலாக 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். பிற்பகல் மூன்று மணி நேரம் மின்விசிறிக்கடியில் படுத்து எழுந்து, அத்தான் ரயிலுக்குப் போனார். அவர் வரும் மாதம் மீண்டும் வருகிறார். அந்தப் பெரியவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21