மலைப் பள்ளிகளுக்கு மார்கழியிலும் தையிலும் தனி நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததும் ஏற்காட்டின் பனிமூட்டம் படமாகவும் செய்தியாகவும் தங்கள் நாளிதழின் சேலம் பக்கங்களில் இடம்பெறுவது வழக்கம். அதே பனிக்குள் இங்குள்ள சிறிய தொடக்கப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்னும் எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஏற்காட்டுக் கல்வி என்றதும் 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மான்ட்போர்ட் பள்ளியைப் போன்ற பெரிய உறைவிடப் பள்ளிகளே வெளியூராருக்கு நினைவுக்கு வரும். காப்பித் தோட்டங்களுக்கு அப்பால், சிற்றூர்களில் இயங்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. என் பிள்ளைகள் இருவரும் படிப்பது அப்படிப்பட்ட ஓர் ஈராசிரியர் பள்ளியில்தான். அதன் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர்.

கார்த்திகை கடைசியிலிருந்து தை முடியும் வரை எங்கள் பள்ளியில் வருகை குறைகிறது. அக்கம்பக்கத்து மலைக்கிராமங்களிலும் இதே நிலைதான் என்று அங்குள்ள பெற்றோர் சொல்கின்றனர். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவர்கள், மலைவாழ் மக்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையல்ல என்று உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மனமில்லாத ஒரு வீட்டையும் நான் அறியேன். சமவெளிக்கு வகுத்த நேரமும் நாட்காட்டியும் குளிர்காலத்து மலைக்குப் பொருந்தாமல் இருப்பதே குறையின் வேர்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மலையில், இம்மாதங்களில் இரவு வெப்பநிலை 12, 13 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. ஊருக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி பக்கம்தான். காட்டுக்கொட்டாய்களிலிருந்து வரும் பிள்ளைகளோ தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கும் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத நாட்கள் உண்டு. காப்பிச் செடிகளுக்கிடையே காட்டெருமை நின்றால் மிக அருகில் செல்லும் வரை கண்ணில் படாது. அது மூச்சுவிடும் ஓசை கேட்டுப் பெரியவர்களே திரும்பி ஓடியிருக்கிறார்கள். ஆகவே பனி விலகும் வரை பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். பனி விலகும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். தாமதமாகப் போவதற்குக் கூச்சப்பட்டு அன்றைக்குப் போகாமலே இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

மலைப்பகுதி மாணவர்களுக்கென்றே கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, காலணி, காலுறை ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. இது மிக நல்ல திட்டம் என்பதை மனமாரச் சொல்கிறேன். ஆனால், வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும்போது கையில் இருக்க வேண்டிய மழைக்கோட்டு, எங்கள் பள்ளிக்கு இம்முறை மார்கழி பாதி கழிந்த பிறகே வந்து சேர்ந்தது. அதுவரை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, உரச்சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். பள்ளி வாசலில் அதை உதறி, சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, புத்தகப் பை நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே வகுப்புக்குள் நுழைவாள். அவளுடைய தோள்களும் பாவாடையும் நனைந்திருந்தன. பை மட்டும் நனையவில்லை. இந்தப் பிள்ளையின் வீட்டாருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைகளைத் தாங்கி நிற்பது காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் அருமை, குளிர்கால மலைப் பள்ளியில் நின்று பார்த்தால்தான் முழுமையாக விளங்கும். புதன்கிழமைப் பொங்கல் தட்டில் விழுந்ததும் பிள்ளைகள் உடனே உண்பதில்லை. முதலில் தட்டின் அடியில் இரு கைகளையும் வைத்துச் சூடு பிடித்துக்கொள்கிறார்கள். சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள் பனியிலும் இருட்டிலும் எழுந்து வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்களுக்கு என் நன்றியை இக்கடிதத்தின் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். அவர்களும் பிள்ளை பெற்ற தாய்மார்களே. தம் வீட்டு வேலையைப் பாதியில் விட்டுத்தான் வருகிறார்கள்.

வகுப்பறையில் வேறு வகைச் சிரமங்கள். ஈரம் ஊறிய கரும்பலகையில் சுண்ணக்கட்டி பிடிப்பதில்லை. துவைத்துப் போட்ட சீருடை மூன்று நாளானாலும் காய்வதில்லை. ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்து நடத்தும் பள்ளியில் ஒருவர் வர முடியாமல் போனால், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் திறனுக்கேற்பப் பிரிக்கப்படும் அரும்பு, மொட்டு, மலர் நிலைப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளிக்கிறார். இதற்கு நடுவே வருகைப் பதிவைச் செல்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். பனியும் மழையும் உள்ள நாளில் அலைவரிசை கிடைக்காமல் பாறை மேட்டுக்கு ஏறி நிற்க நேரிடுகிறது. எங்கள் ஆசிரியர்கள் இதைக் குறையாகச் சொன்னதில்லை. அந்த நேரமும் பிள்ளைகளுக்குரிய நேரம் என்பதால் நான் சொல்கிறேன்.

இன்னொரு காரணம் காப்பி. இங்கு அரபிக்கா பழம் சிவந்து பறிப்புக்கு வருவது கார்த்திகையிலிருந்து தை, மாசி வரை. மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடி மக்களில் பெரும்பாலோருக்கு ஆண்டில் கையில் காசு புரளும் காலம் இதுதான். தாயும் தந்தையும் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான்காம் வகுப்புப் பிள்ளை வீட்டில் நின்றுகொள்கிறது. வேலை தேடிக் கேரளத்துக்கும் குடகுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது பிள்ளை படித்த எழுத்தையே மறந்திருக்கும். அரையாண்டுத் தேர்வும் சரியாக இந்தப் பறிப்புக் காலத்திலேயே வருகிறது. தேர்வை மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் நடத்த வேண்டிய தேவை பெரிய வகுப்புகளுக்கு இருக்கலாம். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மழை விடுமுறை பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்காடு வட்டத்துக்கு மட்டும் தனியாக விடுமுறை அறிவிக்கும் வழக்கம் இருப்பது நல்லதே. அறிவிப்பு விடிந்த பிறகு வந்தால் தொலைவிலுள்ள பிள்ளைகள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முந்தைய இரவே தெரிந்தால் இந்த அலைச்சல் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, சேலத்திலிருந்து வரும் ஆசிரியர்களால் மேலே வர இயலவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வரும் ஆசிரியரை நம்பித்தான் பல பள்ளிகள் திறக்கின்றன. மலையிலேயே ஆசிரியர் குடியிருப்புகள் கட்டித் தந்தால் அவர்களுக்கும் எங்களுக்கும் நன்மை.

எங்கள் மேலாண்மைக் குழுவின் சென்ற கூட்டத்தில் இவற்றையெல்லாம் பேசினோம். மார்கழி, தை ஆகிய இரு மாதங்களுக்கு மட்டும் மலைத் தொடக்கப் பள்ளிகளில் பாடவேளையை அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் முதன்மையான வேண்டுகோள். மாலையில் நேரத்தை நீட்ட வேண்டாம். நான்கு மணிக்கு மேல் மீண்டும் பனி இறங்கிவிடுகிறது. மதிய உணவைப் பிள்ளைகள் பள்ளியிலேயே உண்பதால் அந்த இடைவேளையைச் சற்றுக் குறைத்து, இழந்த நேரத்தை அதில் ஈடுகட்டலாம். காலை உணவு வழக்கமான நேரத்திலேயே தொடரட்டும். முன்னதாக வருகிற பிள்ளை பசியோடு காத்திருக்கக் கூடாது. பள்ளி இல்லாத குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உள்ள வழித்துணை வசதியை எங்கள் காட்டுக்கொட்டாய்களுக்கும் தந்தால், காட்டெருமைக்கு அஞ்சி நிற்கும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரையாண்டுத் தேர்வு நாட்களை அந்தந்த மலை ஒன்றியமே முடிவு செய்ய அனுமதிக்கலாம். மழைக்கோட்டுக்கும் கம்பளிச் சட்டைக்கும் ஜூன் மாதத்தில் பாடநூல் தரும்போதே அளவெடுத்து, ஐப்பசிக்கு முன் வழங்கிவிட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாகப் பணம் ஒதுக்கத் தேவையில்லை. ஜனவரி 26 அன்று கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. கொட்டச்சேடு, நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடைப் பக்கத்துப் பெற்றோரும் தத்தம் ஊராட்சியின் கிராம சபையில் இதே கோரிக்கையை முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர் ஒருவர் பள்ளி வேலைநாள் ஒன்றில், பனி விலகும் முன்பே எங்கள் பக்கம் வந்து பார்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.