என் முகத்துக்குக் காவல் இருந்தவர்களுக்கு

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் 18 வருடமாக ஏலம் கூவுகிறேன். கடைசியில் நிற்கிற வியாபாரிக்கும் விலை கேட்க வேண்டும். வாயும் குரலும்தான் என் முதல். தலையில் நடந்த ஒரு பெரிய ஆபரேஷனில் அந்த முதலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை.

முதல் நன்றி, மண்டியில் கணக்கு எழுதும் தம்பிக்கு. "ஏண்ணா, போனை எப்பவும் இடது காதுலயே வைக்கிறீங்க?" என்று கேட்டவன் அவன்தான். அதுவரை எனக்கே தெரியாது. வலது காதில் ஓயாத இரைச்சல், இருட்டில் நடந்தால் ஒரு பக்கம் தள்ளும். ஒரு இடத்தில் காட்டியதற்கு, வயதாகிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு வருடம் அப்படியே வீணாய்ப் போனது. அப்புறம் தர்மபுரியில் காது பரிசோதனை செய்த அக்கா, "ஒரு காது மட்டும் இவ்வளவு இறங்கக் கூடாதுங்க, தலைக்கு எம்ஆர்ஐ எடுக்காம விட்டுடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். எடுத்தோம். காதுக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர் கட்டி. அந்த அக்காவுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

பெங்களூரில் டாக்டர் படம் போட்டு விளக்கினார். இதற்கு அக்கூஸ்டிக் நியூரோமா என்று பெயராம். சமநிலை நரம்பின் உறையில் முளைப்பது, புற்றுநோய் இல்லை. ஆனால் இருக்கிற இடம் பொல்லாதது. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் 7வதுதான் கண்ணை மூட, வாயை அசைக்க. 8வது, கேட்கவும் தள்ளாடாமல் நிற்கவும். இரண்டும் ஒட்டிக்கொண்டே போகின்றன. கட்டி பெருக்கப் பெருக்க முகத்து நரம்பு அதன்மேல் தட்டையாக விரிந்துவிடும். வெங்காயத்தை உரித்தால் இடையில் வருகிற சவ்வு மாதிரி என்றார். இவ்வளவு பெரிய கட்டி, விழுங்குவதற்கும் குரலுக்கும் போகும் நரம்புகளையும் நெருங்கியிருந்தது. வலது காது இனி வராது, முகத்தையும் குரலையும் காக்கப் பார்ப்போம் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கே அவரைக் கும்பிட வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த ஆள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெண் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். ஊத்தங்கரைப் பக்கமாம். ஆபரேஷன் நேரத்தில் நரம்புகளைக் கண்காணிப்பது அவர் வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "கண்ணை இறுக்கி மூடுங்கண்ணா, பல்லைக் காட்டுங்க, கன்னத்தை உப்புங்க" என்று எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். மயக்கம் கொடுத்தபிறகு கண் ஓரத்திலும் உதட்டு ஓரத்திலும் மெல்லிய ஊசிகள் செருகி வயர் இழுப்பார்களாம். மூச்சுக்குப் போடும் குழாயிலேயே குரல்நாணைத் தொடும்படி ஒரு முனை இருக்குமாம். முகத்துத் தசை துளி அசைந்தாலும் திரையில் கோடு எழும், ஸ்பீக்கரில் சத்தம் வரும்.

மறுநாள் 9 மணி நேரம் அந்தத் தங்கை திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நுனியில் மின்சாரம் வரும் கம்பியால் கட்டியின்மேல் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சத்தம் வந்தால் அங்கே நரம்பு, வராத இடத்தைத்தான் வெட்டுவது. தொடாத நேரத்திலேயே ஸ்பீக்கர் விடாமல் இரைந்தால் நரம்பு இழுபடுகிறது என்று அர்த்தம். உடனே இவர் குரல் கொடுப்பார், டாக்டர் கையை எடுப்பார், உப்புநீர் விட்டு, அடங்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். என் விஷயத்தில் பல தடவை அப்படி நிறுத்த வேண்டி வந்ததாம். அவர் ஒரு நிமிடம் அசந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரியில் நினைத்துப் பார்க்கிறேன்.

மயக்க டாக்டருக்கும் தனியாக நன்றி. வழக்கமாகத் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து ஆளை அசையாமல் வைப்பார்கள். இதில் அது கூடாது. தளர்ந்த தசை பதில் சொல்லாது, ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். குழாய் போடும்போது மட்டும் சீக்கிரம் தெளியும் மருந்து, அதன்பிறகு முழுக்க ரத்தக்குழாய் வழி ஏற்றும் மயக்க மருந்திலேயே என்னை அசையவிடாமல் வைத்திருந்தார். அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கடைசியில் ஒரு மெல்லிய துண்டு நரம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்திருக்கிறது. உரித்தால் முகம் போகும் என்று டாக்டர் அதை விட்டுவிட்டார். வெட்டத் தெரிந்தவர் வெட்டாமல் நிறுத்தியது எனக்குப் பெரிய விஷயம். தையலுக்கு முன்னால் மூளைத்தண்டு ஓரத்தில் அந்த நரம்புக்கு 0.05 மில்லி ஆம்பியர், அதாவது துளி மின்சாரம், கொடுத்துப் பார்த்தபோது முகம் பதில் சொல்லியதாம். "இனி கவலை குறைவுதான்" என்று அந்தத் தங்கை வெளியே வந்து என் மனைவியிடம் சொன்னபோது அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

கண் விழித்தபோது உதட்டோரம் சிவப்பாய் இரண்டு ஊசிப் பொட்டுகள். வலது கண் முழுதாக மூடவில்லை, மோர் குடித்தால் ஓரத்தில் வழிந்தது. நரம்பு அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது, திரும்பும் என்றார்கள். ஆறு வாரம் என் மனைவி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு, ராத்திரி இமையை டேப் போட்டு ஒட்டித் தூங்க வைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று "பா, மா, பெட்டி" என்று சொல்லிப் பழகினேன். உதடு இரண்டும் ஒட்டாமல் "பெட்டி" வராது, ஏலக்காரனுக்கு அந்த ஒரு வார்த்தை வராவிட்டால் என்ன இருக்கிறது!

ரத்தம் கொடுக்க வேலையை விட்டு ரயில் ஏறி வந்த மண்டிப் பையன்கள், என் இடத்தில் நின்று ஏலம் விட்டு அன்றன்றைய கூலியை வீட்டில் கொடுத்த மச்சான், எல்லோருக்கும் நன்றி.

தங்கச்சி, மூன்றாம் மாதம் மறுபடியும் பெட்டி முன்னால் நின்றேன். குரல் கடைசி வரிசைக்குப் போனது. விட்டுவைத்த துண்டு வளர்கிறதா என்று பார்க்க அடுத்த ஸ்கேனுக்கு வருகிறேன். தக்காளி அன்றைக்கு என்ன விலை போனாலும் சரி, ஒரு பெட்டி உங்களுக்கு எடுத்துக்கொண்டு வருவேன்.