வாள்வீச்சு மாஸ்க்: பெயின்டை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாஸ்க் என்றதும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் கொரோனாக் காலம்தான் ஞாபகம் வருகிறது. நான் எழுதுவது வாள்வீச்சில் முகத்தைக் காக்கப் போடுகிற கம்பிவலை மாஸ்க் பற்றி. என் மகள் சனிக்கிழமைகளில் ஹட்டனிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் ஃபொயில் என்ற வாள்வீச்சு வகையைப் பழகுகிறாள். பிள்ளையை இந்த விளையாட்டுக்கு அனுப்ப நினைக்கிற மலையகப் பெற்றோர் நான் ஏமாந்த மாதிரி ஏமாறக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

புது மாஸ்க் வாங்கக் கையில் காசில்லை. கொழும்பில் ஒருவர் பழையது விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தால் கறுப்புப் பெயின்ட் மினுமினு என்று இருந்தது, சரி, பார்க்கப் புதுசு மாதிரித்தானே இருக்கிறது என்று பேரம் பேசி வாங்கி வந்துவிட்டோம். ஜூன் மாத மழையில் ஒரு நாள் மகள் மாஸ்கைக் கழற்றினால் தாடையில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு. உள்துணியை விலக்கி, கம்பிவலை கழுத்துத் துணியோடு சேருகிற மடிப்பை நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் செதில் செதிலாக வந்தது, அதற்கடியில் துரு தேயிலைத்தூள் மாதிரி உள்ளங்கையில் கொட்டியது. துருவின் மேல் பெயின்ட் அடித்து என் தலையில் கட்டிவிட்டார்கள்!

கொஞ்சம் துருதானே என்பவர்களுக்கு 1982இல் ரோமில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பைச் சொல்ல வேண்டும். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபொயில் தங்கம் வென்ற விளாடிமிர் ஸ்மிர்னோவும் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பெர் என்பவரும் மோதிக்கொண்டிருந்தபோது பெரின் வாள் முறிந்து, அந்த முறிந்த முனை ஸ்மிர்னோவின் மாஸ்க் வலையைத் துளைத்துக் கண் வழியே மூளைக்குள் ஏறிவிட்டது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். மாஸ்க், உடுப்பு, வாளின் உருக்கு எல்லாவற்றிலும் விதிகள் இறுகியது அதற்கப்புறம்தான். சர்வதேசப் போட்டிக்கான மாஸ்கில் கம்பியின் கனம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இடைவெளி 2.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த 1 மில்லிமீட்டரைத்தான் எங்கள் ஊர் ஈரம் தின்கிறது. (கிரிக்கெட் ஹெல்மட் போதாதா என்று என் தம்பி கேட்டான். அதன் கம்பிகளுக்கு நடுவே விரலே போகும், வாள் போகாதா?)

வாங்கும்போது முதலில் உள்ளே இருக்கும் லேபிளைத் தேடுங்கள். கழுத்துத் துணி எவ்வளவு குத்தைத் தாங்கும் என்பது 350 அல்லது 1600 நியூட்டன் என்று போட்டிருக்கும், பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 1600 வேண்டும். லேபிளே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளை பழகுவது எந்த வகை வாள், ஃபொயிலா, எப்பேயா, சேபரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், மூன்றுக்கும் மாஸ்க் ஒன்றல்ல. சேபர் மாஸ்கில் வலை முழுக்க மின்சாரம் கடத்த வேண்டும். அப்புறம், போட்டுப் பார்த்துத் தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள், மாஸ்க் ஆடினாலோ கழன்றாலோ அளவு சரியில்லை. வளருகிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது சப்பாத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது. பழைய மாஸ்க் என்றால் வெளிச்சத்தில் பிடித்து வலை முழுக்கப் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கினாலும் சொட்டை விழுந்திருந்தாலும் வேண்டாம்.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, பயிற்சி முடிந்ததும் நனைந்த ஜாக்கெட்டோடு ஒரே பையில் திணித்துக் கட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் எங்கள் பக்கம் மழைக்காலத்தில் எதுவும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைக்கிற பழக்கத்தை இதற்குக் கொண்டுவராதீர்கள், புகைக்கரி வலையில் அப்பிக்கொள்ளும். நான் செய்வது இதுதான்: வேர்வையைத் துணியால் துடைத்துவிட்டு, உங்கள் பத்திரிகையைக் கசக்கி ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு மாஸ்குக்குள் வைத்துவிடுவேன், காலையில் தாள் ஈரத்தைக் குடித்திருக்கும். உறை இல்லாமல் வைத்தால் மை ஒட்டும், ஒரு தடவை மகளின் நெற்றியில் அரைத் தலைப்புச் செய்தியே ஏறிவிட்டது. கழுத்துத் துணியைக் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கையால் கழுவலாம், பிளீச் கூடவே கூடாது.

கடைசியாக ஒன்று. கழித்த மாஸ்கை அப்படியே தூக்கிப் போடாதீர்கள், எங்கள் ஊரில் யாராவது எடுத்துப் பெயின்ட் அடிப்பார்கள், இல்லையென்றால் சிலம்பம் பழகுகிற பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். அது குத்தைத் தடுக்கச் செய்தது, கம்படிக்கு அல்ல, பின்மண்டையோ திறந்தே கிடக்கும். எங்களுடையதில் பட்டியையும் கழுத்துத் துணியையும் கத்தரித்து எடுத்துவிட்டேன். மிச்ச வலையைக் கோழி கிளறாமல் இருக்க என் அப்பா கொத்தமல்லி நாற்றுக்கு மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஹட்டன்.