ஹெல்ப்லைன் நம்பரை ஏன் எறும்பு எழுத்தில் போடுகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரிசல்ட் வந்த மறுநாள் உங்கள் பேப்பரைப் பிரித்தால் இரண்டு போட்டோ கட்டாயம் இருக்கும். முதல் பக்கத்தில் அம்மா கேக் ஊட்டும் மாணவி. உள்ளே, செயின் பறிப்புச் செய்திக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் சைஸில் யூனிபார்ம் போட்ட ஒரு பிள்ளை, மேலே 'தேர்வில் தோல்வி: மாணவர் விபரீத முடிவு'. பெயர், தெரு, அப்பாவின் வேலை, எப்படி நடந்தது என்பது வரை எழுதிவிட்டு, கடைசியில் '104ஐ அழைக்கலாம்' என்று ஒரு வரி, அதைப் படிக்க நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட வேண்டியிருக்கிறது.

டெங்குவில் யாராவது இறந்தால் அதைக் குற்றச் செய்திப் பக்கத்திலா போடுகிறீர்கள்? உங்களை மட்டும் சொல்லவில்லை, அரசாங்கமே இந்தச் சாவுகளைக் குற்ற ஆவணக் காப்பகத்தில்தான் எண்ணுகிறது. அதன் அறிக்கைப்படி 2022இல் நாடு முழுக்க தற்கொலையில் இறந்தவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் மாணவர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் தேர்வுத் தோல்வியைவிடக் குடும்பப் பிரச்சினைதான் பெரிய காரணம் என்று அதே அறிக்கையில் இருக்கிறது. நீங்களோ மார்க் ஒன்றையே தலைப்பில் வைக்கிறீர்கள். அதே மார்க் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையும் அதைப் படிக்கும் இல்லையா?

நான் பிளஸ் டூ காமர்ஸ் எடுக்கிறேன். ஒரு வருஷம் ரிசல்ட் அன்று மதியம் ஒரு பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான். அக்கவுண்டன்சியில் 29. "அப்பா மூஞ்சில எப்படி சார் முழிக்கிறது" என்றான். எனக்குப் பக்கென்றது, ஆனாலும் "செத்துப்போகணும்னு தோணுதாடா?" என்று நேரடியாகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்றுதான் மனநல டாக்டர்கள் சொல்கிறார்கள். அவன் அழுதான், அப்புறம் ஒரு மணி நேரம் பேசினான், மார்க்கைப் பற்றி அதில் பத்து நிமிஷம்கூட இல்லை. சாயந்திரம் அவன் அப்பாவை வரச் சொல்லிப் பேசினேன். துணைத் தேர்வு எழுதி அந்த வருஷமே பி.காம் சேர்ந்தான்.

இன்னொன்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்த பிள்ளையை 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது. இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறீர்கள்? தற்கொலைச் செய்தியில் எப்படி நடந்தது என்ற விவரம் வேண்டாம், பெரிய தலைப்பு வேண்டாம் என்று பிரஸ் கவுன்சில் 2019இலேயே சொல்லியாகிவிட்டது. 2017இல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியபோது பாராட்டி எழுதிய பேப்பர்கள் டியூஷன் சென்டர்களின் டாப்பர் விளம்பரத்தை மட்டும் முழுப் பக்கத்துக்கு வாங்கிப் போடுகின்றன. சரி, அது உங்கள் வருமானம், விடுங்கள்.

வரும் ரிசல்ட் அன்று முதல் பக்கத்தில், அந்த கேக் போட்டோவுக்குப் பக்கத்திலேயே, துணைத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதையும், அரசின் மனநல ஹெல்ப்லைன் டெலி மனஸ் 14416 (24 மணி நேரமும் தமிழில் பேசலாம்), சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050 என்ற இரண்டு எண்களையும் தங்கம் விலை போடும் சைஸிலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் டூ ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம்