தூக்கத்தைப் பற்றி மட்டும்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், அதை அவளே உன்னிடம் பேசுவாள். தம்பி விஷயம் நீ நினைத்தபடியேதான் முடிந்தது. சரி, அதை விடு.

நான் அனுப்பிய படத்துக்கு நீ பதில் போட்ட நேரம் ராத்திரி 3.10. அதற்கு முந்தின வாரம் 2.40-க்கு ஒரு கட்டைவிரல் வந்தது. நான் அம்மாவிடம் காட்டவில்லை. அவளுக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறது, அவளும் என்னிடம் காட்டவில்லை.

கேட்டால், "அஞ்சு மணி நேரம் எனக்குப் போதும்ப்பா, பழகிடுச்சு" என்பாய். அதைத்தான் நான் நம்ப மாட்டேன் என்கிறேன். 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியமான ஆட்களைப் பிரித்து, சிலரை 4 மணி நேரம், சிலரை 6, சிலரை 8 என்று 14 நாள் தூங்க வைத்தார்கள். 4 மணி, 6 மணிக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றிரண்டு ராத்திரி கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் என்றிருக்கிறார்கள். குடித்தவன் தான் நிதானமாக இருப்பதாகச் சத்தியம் செய்வதுபோலத்தான். அதனால், தூக்கம் போதுமா என்று இனி உன்னிடம் கேட்பதாக இல்லை. நீ அதற்குச் சரியான சாட்சி இல்லை.

குடி என்றதும் உன் கார் ஞாபகம் வருகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிதானம் மாதிரி ஆகிவிடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நீ காலை 5 மணிக்கு எழுகிறாய். ராத்திரி 10 மணிக்கு ஆபீஸிலிருந்து கிளம்புகிறாய். கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி, கூட்டிப் பார்த்துக்கொள். அந்த நாட்களில் காரை அங்கேயே விட்டுவிட்டு வேறு வண்டியில் வா. கண் சொருகுவதே தெரியாமல் சில விநாடி தூங்கிப்போவது உண்டு. ஜன்னலைத் திறந்துவிட்டாலோ பாட்டைச் சத்தமாக வைத்தாலோ அது நிற்காது.

நீ பெரிய பதவிக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பதவி வந்ததிலிருந்து உனக்கு ஜலதோஷம் விட்டபாடில்லை. இதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதே. ஆட்கள் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் ஜலதோஷக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். 2015-இல் அது வெளிவந்தது. 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு. ரத்த அழுத்தம் இறங்கி இதயம் ஓய்வெடுப்பதும் தூக்கத்தில்தான். நம் வீட்டில் இதயம் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெரியப்பாவை நினைத்துக்கொள்.

போனைப் படுக்கையறையில் வைக்காதே, ஹாலில் சார்ஜ் போடு. காபியை மத்தியானத்தோடு நிறுத்து. சாயங்காலம் 5 மணிக்குக் குடித்தால், ராத்திரி 10 மணிக்கும் அதில் பாதி உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்கி ஈடுகட்டலாம் என்று நினைக்காதே, அன்று ராத்திரியும் போய்விடும். படுத்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு அறையில் உட்காரு. மணி பார்க்காதே. போனை ஹாலில் வை, இதை முன்பே சொல்லிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

போன வாரம் தம்பி ஏதோ கிண்டல் செய்ததற்கு நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய். சின்ன வயதில் அவன் எவ்வளவு வம்பிழுத்தாலும் சிரிப்பவள் நீ. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முன்பாதியில் வந்துவிடுகிறது, கனவுத் தூக்கம் விடியும் பக்கத்தில்தான் நிறைய வருகிறது. மனசுக்கு அதுவும் வேண்டும். தூக்கம் கெட்டால் சின்ன விஷயத்துக்கும் கோபமும் அழுகையும் வரும் என்று தம்பிக்குச் சொல்லி வைத்தேன். அவன், "தூக்கம் கெட்டா கோபம் வருமா, இல்ல வேற ஏதாவது இருந்து தூக்கம் கெடுதா?" என்று கேட்டான். நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளை தூங்குவதாகச் சொல்கிறாய். சாயங்காலம் 7 மணிக்கும் தூங்குகிறார். அந்த வீட்டில் ஒருவராவது தூங்குகிறாரே என்கிறாள் உன் அம்மா. நான் எதுவும் சொல்லவில்லை.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் வராமல், மூன்று மாதம் அப்படியே போனால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். உனக்கு எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. நல்ல டாக்டரைப் பார். நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே. பேசி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிச் சரிசெய்கிற சிகிச்சையைத்தான் இப்போது முதலில் தரச் சொல்கிறார்கள், மாத்திரை அப்புறம்தான். அவர்களிடம் பேசும்போது எதையும் மறைக்காதே. எங்களிடம் சொல்ல முடியாததை அவர்களிடமாவது சொல்.

இல்லாவிட்டால், பத்து நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வா. உன் அறையில் தம்பி அடைத்து வைத்திருந்த சாமான்களை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாகிவிட்டது. எத்தனை மணி வரை தூங்கினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள், அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது என்றால் பரவாயில்லை, நீ தனியாக வந்தாலும் சரி. பத்து நாள் போதாது என்றாலும் சரி. எந்தத் தேதி என்று மட்டும் எழுது, டிக்கெட் நான் எடுக்கிறேன். பதிலைப் பகலில் போடு.

அன்புடன்,
அப்பா