அப்பாவுக்கு, பஃபலோவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புதான். நான் சுகமாக இருக்கிறேன். இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், எனக்கு அது போதும். வேலைக்கு நடந்தே போய்விடுகிறேன். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பனியில் நடக்கிறானே என்று தூங்க மாட்டாள்.

தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற வீட்டைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் போய்வந்தேன். டெலவேர் அவென்யூவில், முகப்பில் வெள்ளைத் தூண்கள் வைத்த வீடு. 1901 செப்டம்பர் 6ஆம் தேதி இந்த ஊர்க் கண்காட்சியில்தான் அப்போதைய ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டார்கள். 14ஆம் தேதி அவர் இறந்த அன்றைக்கே, துணை ஜனாதிபதியாக இருந்த 42 வயது ரூஸ்வெல்ட் இந்த வீட்டுப் புத்தக அறையில் நின்று பதவியேற்றுக்கொண்டார். சாதாரண அறைதான், அப்பா. கயிறு கட்டியிருந்த இடம் வரை போய், நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் சீர்திருத்தக் காலத்தை ஒரு பாடமாகவும் அதன் ஏகாதிபத்தியத்தை வேறொரு பாடமாகவும் எங்களுக்கு நடத்தினீர்கள். இங்கே நின்று பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 1902ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே முதலாளிகள் சேர்ந்து அமைத்த பெரிய கூட்டு நிறுவனத்தின் மேல் ரூஸ்வெல்ட் வழக்குப் போட்டார். நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் முதலாளிகளையும் தொழிலாளர் தலைவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ள அமெரிக்கா நடத்திய போர் முடிந்தது என்று அறிவித்ததும் அதே வருஷம்தான், அதுவும் ஜூலை 4, இவர்களுடைய சுதந்திர தினத்தில்! அந்தச் சண்டையிலும் கூடவே வந்த பஞ்சத்திலும் நோயிலும் இரண்டு லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்கிறார்கள். 1906 ஜூன் 30 அன்று இறைச்சிச் சோதனைச் சட்டத்திலும் உணவு, மருந்துக் கலப்படச் சட்டத்திலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார். தன் ஊர்க்காரன் தட்டில் கெட்ட கறி விழக்கூடாது என்று அத்தனை அக்கறை. அந்த அக்கறை ஏன் கடல் தாண்டிப் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. சிகாகோவில் ஏழைக் குடியேறிகளுக்காக ஹல் ஹவுஸ் என்ற உதவி இல்லத்தை நடத்திய ஜேன் ஆடம்ஸ், 1899லேயே பிலிப்பைன்ஸ் சண்டையை எதிர்த்துப் பேசினார். உங்கள் பாடத்தில் அந்த அம்மாள் வந்திருக்க வேண்டும், அப்பா.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, பனி கொட்டினாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். அவருக்குச் சொந்த ஊர் போர்ட்டோ ரிக்கோ. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட தீவு. 1917இல் குடியுரிமை கொடுத்தார்கள். ஆனால் தீவில் குடியிருக்கும்வரை ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடையாது, இன்றைக்கும். இங்கே குடிவந்த பிறகுதான் பாட்டி அந்த ஓட்டைப் போட்டாராம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஒரு கிண்ணம் சோறு கொடுத்தார். மூடியைத் திறந்தால் பச்சைத் துவரை! நம் வரப்பில் பறித்து உரித்துத் தின்போமே, அதே துவரை. ஆச்சி மடியில் காயைக் குவித்துவைத்து உரிக்கிற சத்தம் காதில் கேட்டது. கிண்ணத்தோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பொங்கலுக்கு வர முடியாது என்று போனில் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக இல்லை, அப்பா.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வயலை ஒத்திக்கு விடலாம் என்று மாமா சொல்வதற்குத் தலையாட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதம் குறைவாக அனுப்பியிருக்கிறேன். வேலை நேரத்தை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். உங்கள் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். தங்கச்சியைப் பார்க்க வருகிறவர்களிடம் அவள் பி.எட். முடிக்கட்டும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மேலத்தெரு அத்தை மகன் ஜனவரியில் இந்தப் பக்கம் வருகிறானாம். அம்மாவை நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், பாட்டிக்கும் சேர்த்து.

உங்கள் அன்பு மகன்